மேடை ஏறும் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜூலை 15, காமராசர் பிறந்த நாளான கல்வி வளர்ச்சி நாளில் தொடங்கி, நவம்பர் 14, குழந்தைகள் நாள் வரையில் நம் பள்ளிகளில் பேச்சுப்போட்டிகளுக்குக் குறைவே இருப்பதில்லை. நீலகிரியில் அது மழைக்காலமும்கூட. தகரக் கூரையின்மேல் மழை கொட்டும் ஓசையை மீறிப் பேசிப் பழகியவர்கள் நம் பிள்ளைகள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பேச்சுப்போட்டி பற்றியவையே மிகுதி என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். தமிழாசிரியையாகவும் பின்னர்ப் பல மேடைகளில் நடுவராகவும் இருந்த பழக்கத்தில், சில இடங்களில் குரல் சற்றுக் கண்டிப்பாக ஒலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நலன் கருதிக் கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். காமராசரைப் பற்றிய ஐந்து நிமிடப் பேச்சை வீட்டில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தவள், பள்ளி மேடையில் மூன்றாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள். முன்வரிசையில் இருந்த சில பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அழுதுகொண்டே இறங்கியவள், இனி எந்த மேடையிலும் ஏறமாட்டேன் என்கிறாள். அவளை வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?
ஒரு தாய், கோத்தகிரி வட்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். வற்புறுத்தினால், மேடை என்றாலே அந்த அழுகைதான் அவள் நினைவில் நிற்கும். அடியோடு விட்டுவிட்டாலோ, தன்னால் முடியாது என்று அவள் எடுத்த முடிவை நீங்களும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சில நாள்கள் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். உறவினர் வந்திருக்கும்போது, "மேடையில அழுதுட்டா" என்று வேடிக்கையாகச் சொல்வதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். முன்வரிசைப் பிள்ளைகளின் சிரிப்பைவிட அது ஆழமாகக் குத்தும்.

இனி, நடந்தது என்னவென்று பார்ப்போம். உங்கள் மகளுக்கு நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை. நினைவில் ஏற்றிய முறையில்தான் பிழை இருக்கிறது. ஒரு பேச்சைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யும்போது, ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வரும் சங்கிலியாகிவிடுகிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எதுவும் கைக்கு எட்டாது. முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும், மேடையிலோ அதற்கு வழியில்லை. இதனுடன் இடமும் சேர்ந்துகொள்கிறது. 1975இல் கோடன், பேட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள், நீரில் மூழ்கப் பயிற்சி பெற்றவர்களைக் கரையிலும் நீருக்கடியிலும் சொற்பட்டியல்களைக் கேட்கச் செய்து, பின்னர் அவற்றை இரண்டு இடங்களிலும் நினைவுகூரச் சொன்னார்கள். எங்கே கேட்டார்களோ அங்கேயே அவர்களுக்குக் கூடுதலான சொற்கள் நினைவுக்கு வந்தன. உங்கள் மகள் அடுப்படியில் உங்கள் ஒருவருக்கு முன்னால் கற்றதை, இருநூறு பேருக்கு முன்னால் நின்று தேடியிருக்கிறாள்.

மனம் ஆறியபின், அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, காமராசரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார் என்பதும், 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார் என்பதும் எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் இருக்கும். மதியம் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கும்போது யார் முந்திக்கொள்கிறார்கள், முட்டை போடும் நாளில் வரிசை எவ்வளவு நீள்கிறது, காலையில் சாப்பிடாமல் மலைச்சரிவில் இறங்கி நடந்து வரும் தோழிக்குப் பதினொரு மணிக்கே கண் எப்படிச் சொருகுகிறது என்பவை அவளுக்கு மட்டுமே தெரிந்தவை. காமராசர் ஏன் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார் என்பதை இந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினால், அவளுக்கு மறப்பதற்கு எதுவும் இருக்காது. தன் பள்ளி வரிசையை யாராவது மறப்பார்களா?

பேச்சுக்கு நான்கைந்து முக்கியக் கருத்துகளை ஆணிகளாக அடித்துக்கொண்டால் போதும். எந்த ஆணியில் எதை மாட்டுவது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தன் சொற்களில் சொல்லட்டும். ஒரு நாள் மூன்றாவது ஆணியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இன்னொரு நாள் நடுவில் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு நாள், பள்ளி விட்டபின் ஆளில்லாத வகுப்பறையில் ஒரு நாள் என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். உட்கார்ந்து பேசிப் பார்ப்பது பயிற்சியாகாது. காலணி போட்டு, நின்று, தொலைவில் இருப்பவருக்குக் கேட்கும்படி பேச வேண்டும்.

மேடைக்குத் திரும்பும் வழி பேச்சுப்போட்டியாக இருக்க வேண்டியதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறளும் பொருளும் சொல்வது அரை நிமிட வேலை. செய்தி வாசிப்பது ஒரு நிமிட வேலை. அதில் கையில் தாள் இருக்கும் என்பதால் மறதிக்கு இடமில்லை. வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லிவைத்தால், மாதத்துக்கு இரண்டு முறையாவது அவளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஏறும் மேடை யாருக்கும் பழகாது.

காந்தியடிகளின் கதையையும் அவளிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் சட்டம் படித்துத் திரும்பியவர், பம்பாய் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்றதும் தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் அமர்ந்துவிட்டார்; வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை மறைக்காமல் அவரே எழுதிவைத்திருக்கிறார். அதே மனிதர்தான் 1934ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் நீலகிரிக்கு வந்து குன்னூரில் தங்கி, நம் ஊர் மக்கள் கூட்டங்களில் பேசினார்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் மாணவி. எங்கள் வீட்டில் படுக மொழிதான் பேசுவோம். பள்ளியில் நான் தமிழில் பேசும்போது உச்சரிப்பைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். தமிழ்ப் பேச்சுப்போட்டியில் நான் கலந்துகொள்வது சரியாக இருக்குமா?
ஒரு மாணவி, உதகை அருகே

பதில்: சரியாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை, மகளே. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் இன்னொரு மொழியும் பேசிப் பழகிய நீ, ஒவ்வொரு நாளும் ஒரு கருத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாய். பேச்சாளருக்கு வேண்டிய முதல் திறமை அது. ஒரு சொல் நழுவினால் இன்னொரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் ஒரே மொழியில் வளர்ந்தவர்களைவிட உனக்குக் கூடுதலாகவே இருக்கும்.

உச்சரிப்புத் தனிச் செய்தி. அதைப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம். நாள்தோறும் பத்து நிமிடம் பாடநூலின் உரைநடைப் பகுதியை வாய்விட்டுப் படித்து, கைப்பேசியில் பதிவுசெய்து கேள். ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும், ர, ற இரண்டும் எங்கே கலக்கின்றன என்று குறித்துக்கொள். உன் தாய்மொழியில் பால் என்பது ஹாலு, பல் என்பது ஹல்லு. தமிழின் பகரம் ஹகரமாக மாறி நிற்கும் இந்த உறவு மொழி நூலோர் விரும்பிப் பேசும் செய்தி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உன்னைக் கேலி செய்கிறவர்களிடம் 'வாழைப்பழம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லிப் பார். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட எத்தனை பேர் அதில் தேறுகிறார்கள் என்பது எனக்கு நடுவர் நாற்காலியில் இருந்தே தெரியும்.

இன்னொன்று. உங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பெரியவர்கள் கூடிப் பேசும்போது கவனித்திருப்பாய். யாரும் கையை வீசுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். அந்த நிதானத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவா. பேச்சில் பொருத்தமான இடத்தில் உன் மொழியின் ஒரு பழமொழியைச் சொல்லி, அதன் பொருளைத் தமிழில் விளக்கினால், அந்த அவையில் வேறு யாராலும் தர முடியாத ஒன்றை நீ தந்தவளாவாய்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். போட்டி அறிவிப்பு வந்து நான்கு நாள்களில் மாணவரை அனுப்ப வேண்டியிருக்கிறது. நானே பேச்சை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எல்லாப் பள்ளிகளிலும் இதுதான் நடக்கிறது. இதில் தவறு இருக்கிறதா?
ஒரு தமிழாசிரியர், கூடலூர் வட்டம்

பதில்: ஐயா, நானும் எழுதிக் கொடுத்தவள்தான். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், தேர்வுத்தாள் திருத்த வேண்டும், இடையில் அலுவலகத்திலிருந்து ஆயிரம் படிவம் கேட்பார்கள். நான்கு நாளில் ஒரு குழந்தையைப் பேச்சாளராக்கு என்றால் எந்த ஆசிரியரும் செய்யக்கூடியது அதுதான். ஆகவே உங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நடுவராக அமர்ந்தபின் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஒரு போட்டி. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். வந்தவர்களில் பெரும்பாலோர் "மலைகளின் அரசியாம் நீலகிரி" என்று தொடங்கினார்கள். 1908இல் உதகைக்கு வந்து சேர்ந்த மலை இரயிலும், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும், வரையாடும் ஒவ்வொருவர் வாயிலும் அதே வரிசையில் வந்தன. குற்றமற்ற தமிழ், எதுகை மோனை பிசகவில்லை, கை உரிய இடத்தில் உயர்ந்தது. பத்தாவது பேச்சுக்குப் பிறகு எனக்குக் குழந்தைகளின் முகமே பதியவில்லை. எழுதிக் கொடுத்த ஆசிரியர்களின் கையெழுத்துத்தான் கண்முன் நின்றது.

பின்பு ஒரு பையன் வந்தான். உங்கள் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்தவன். 'எங்கள் பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது' என்று தொடங்கினான். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து திரும்பியவர்களில் அந்தப் பாட்டியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது அவரிடம் இருந்தது அந்தப் பெட்டி மட்டும். தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து பறித்தது, அந்தப் பெட்டியில் இன்றும் குடும்ப அட்டையும் பேரனின் மதிப்பெண் சான்றிதழும் இருப்பது, 'ஊர் எது பாட்டி' என்று கேட்டால் அவர் பெட்டியைக் காட்டுவது என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். இரண்டு இடத்தில் ஒருமை பன்மை தவறியது. ஓரிடத்தில் நின்று, யோசித்து, மீண்டும் தொடர்ந்தான். கைகள் கடைசிவரை உடலோடு ஒட்டியே இருந்தன. கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

அவனுக்கு மூன்றாம் பரிசுதான் கொடுத்தோம். மொழிநடைக்கும் உடல்மொழிக்கும் தனித்தனியே மதிப்பெண் இருந்த படிவத்தில் அதற்குமேல் கூட்டல் வரவில்லை. மூன்று நடுவர்களில் ஒருத்தியாகக் கையெழுத்திட்ட நான் இன்றளவும் அதற்காக வருந்துகிறேன்.

ஆகவே, நான்கு நாளில் செய்யக்கூடியது இது. முதல் நாள் எதையும் எழுதாதீர்கள். மாணவரை உட்காரவைத்துத் தலைப்பைப் பற்றி அரை மணி நேரம் கேள்வி கேளுங்கள். தலைப்பு உழவு என்றால், வீட்டில் பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை கிடைத்தது, அப்பா அதைப் பற்றி அம்மாவிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள். தலைப்பு சுற்றுச்சூழல் என்றால், பிளாஸ்டிக் புட்டிக்குத் தடை உள்ள நம் மாவட்டத்தில் சாலையோரத் தண்ணீர் ஏ.டி.எம். (குடிநீர் தரும் இயந்திரம்) முன்னால் நின்று சுற்றுலாப் பயணிகள் என்ன கேட்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுங்கள். பிழையிருந்தால் திருத்துங்கள், அழகுபடுத்த வேண்டாம். ஆண்டு, எண், பெயர் போன்ற செய்திகளை நீங்கள் சேர்க்கலாம். அவற்றைச் சரிபார்த்துக் கொடுப்பது ஆசிரியரின் கடமையும்கூட. எஞ்சிய இரண்டு நாளும் வகுப்பின் முன்னால் நின்று பேசிக் காட்டட்டும். கேட்ட மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும். கேள்விக்கு விடை சொல்ல முடிந்த பிள்ளைக்கு அந்தப் பேச்சு சொந்தமாகிவிட்டது என்று பொருள்.

திருக்குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் 72ஆம் அதிகாரமாக அவையறிதல் இருக்கிறது. எதிரில் இருப்பவர் யார், அவர்களுக்கு நாம் எதைச் சொல்லப் போகிறோம் என்று தெரிந்தபின்தான் அச்சத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. நாம் அந்த முந்தைய அதிகாரத்தைத் தாவிவிட்டு, "பயப்படாதே, பயப்படாதே" என்று பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மேடையில் ஏறியதும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என் பயம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்று இன்னும் பயமாகிறது. இதைப் போக்க என்ன செய்யலாம்?
ஒன்பதாம் வகுப்பு மாணவன், குன்னூர்

பதில்: தம்பி, முழுவதும் போக்க வேண்டிய தேவையே இல்லை. ஏதோ பெரிய செயலுக்கு ஆயத்தமாகு என்று மூளை கட்டளையிடும்போது, சிறுநீரகத்தின்மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்ப இதயம் விரைகிறது. கை நடுங்குவது செலவழியாத அந்த ஆற்றலால். செரிமான வேலை அப்போதைக்குத் தள்ளிவைக்கப்படுவதால் உமிழ்நீர் குறைந்து நாக்கு ஒட்டுகிறது. கபடிக் களத்தில் நீ பாடிச் செல்லும்போதும் உன் உடலில் இவையெல்லாம் நடக்கத்தான் செய்கின்றன; அங்கே ஓடுவதற்கு இடம் இருப்பதால் உனக்குத் தெரிவதில்லை.

பேசும் முறை வருமுன் மூச்சை மெல்ல இழுத்து, இழுத்த நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடு. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும். ஐந்தாறு முறை செய்தால் போதும். வெந்நீர் இரண்டு மிடறு குடி. மேடையில் ஏறியதும் உடனே தொடங்காதே. இரண்டு கால்களையும் ஊன்றி நின்று, கடைசி வரிசையில் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தொடங்கு. தாளைக் கையில் பிடித்தால் நடுக்கம் பெரிதாகத் தெரியும். சிறு கெட்டி அட்டையில் தலைப்புகளை மட்டும் எழுதிக்கொள்.

பயம் வெளியே தெரிந்துவிடும் என்ற உன் கவலைக்கும் விடை இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர்கள் சாவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும், பேசப்போகும் மாணவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், பேசுபவர் உணரும் படபடப்பு அவர் நினைக்கும் அளவுக்குக் கேட்பவர் கண்ணில் படுவதில்லை என்பதை முன்கூட்டியே விளக்கினார்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசியவர்களின் பேச்சு மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்ததாகக் கேட்டவர்களும் மதிப்பிட்டார்கள். உன் நெஞ்சு அடிக்கும் ஓசை உன் காதுக்கு மட்டுமே கேட்கிறது. நடுவர் மேசையிலிருந்து பார்க்கும்போது பெரும்பாலும் எங்களுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: சிலர் மிக வேகமாகப் பேசுகிறார்கள்.

கேள்வி: படிப்பை விட்டுவிட்டு இந்தப் போட்டிகளுக்கு அலைவதால் என்ன பயன்? மதிப்பெண்ணுக்கு உதவுமா?
ஒரு தந்தை, குந்தா வட்டம்

பதில்: மதிப்பெண்ணுக்கு நேரடியாக உதவாது. பணப்பயன் கேட்டால், தலைவர்களின் பிறந்த நாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப்போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000; அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குச் சிறப்புப் பரிசாகத் தலா 2,000 ரூபாய் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடைபெறும் கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே போகிறது.

நீங்கள் கிராம சபைக்குப் போவதுண்டா? ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தண்ணீர் வராத தெருக்காரர் நாற்பது பேர் வந்திருப்பார்கள்; எழுந்து நின்று, எத்தனை நாளாக வரவில்லை, யாரிடம் சொன்னோம், என்ன விடை கிடைத்தது என்று கோவையாகச் சொல்லக்கூடியவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். படிப்பு கெடும் என்ற கவலைக்கு, ஒரு பருவத்துக்கு இரண்டு போட்டி என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பந்தலூரிலிருந்து உதகைக்குப் போட்டிக்குச் சென்ற என் மகன், வழியெல்லாம் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோய்ப் பேச முடியாமல் திரும்பினான். என்ன செய்வது?
ஒரு தாய், பந்தலூர்

பதில்: கூடலூரிலிருந்தே நடுவட்டம், பைக்காரா வழியாக உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர்; உங்களுக்கு எழுபதுக்கும் மேல், அத்தனையும் வளைவு. போட்டியை ஏன் எப்போதும் உதகையிலேயே நடத்த வேண்டும் என்ற கேள்வி உங்கள் மனத்திலும் இருக்கும், என் மனத்திலும் இருக்கிறது. அது மாறும்வரை: காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இரண்டு இட்லி போதும்; வெறும் வயிறும் ஆகாது. பேருந்தில் முன்பக்கம், சன்னலோரம், கண் சாலையின் மேல். வண்டியில் பேச்சுத்தாளைப் படிக்கவே கூடாது. குமட்டலுக்கு அதுவே பாதிக் காரணம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உங்கள் ஊரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இறங்கியதும் படியேறினால் மூச்சு வாங்கும், குளிரில் தொண்டையும் இறுகும். ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, கழுத்தில் மப்ளரைச் சுற்றி, வெந்நீர் குடித்து, அமைதியாக உட்காரட்டும். பேசும்போது மட்டும் மப்ளரை எடுத்துவிடலாம். முடியுமானால், முதல் நாள் மாலையே வந்து உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. அரசியல் மேடைப் பேச்சுகளைக் கைப்பேசியில் பார்த்து, அதே கர்ஜனையோடு பேசுகிறான். பரிசும் வாங்குகிறான். எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை.
ஒரு தாய், உதகை

பதில்: எனக்கும் பிடிக்கவில்லை. ஆயினும் தடுக்காதீர்கள், குருவியும் முதலில் கேட்ட ஒலியைத்தான் பாடிப் பழகுகிறது. ஒலிபெருக்கி இல்லாத சிறு அறையில், ஐந்து பேருக்கு எதிரில், உட்கார்ந்தபடி அதே பேச்சைப் பேசச் சொல்லுங்கள். கர்ஜிக்க முடியாத இடத்தில் அவனுக்குத் தன் குரல் தானாகவே கிடைக்கும். இதை இப்போதே செய்யுங்கள். பரிசுகள் பெருகிவிட்டால் அந்தக் குரலை அவனால் கழற்ற முடியாமல் போய்விடும்.

கேள்வி: சென்ற மாதம் ஒரு போட்டியில் என் மகளுக்கு அநீதி நேர்ந்தது. நடுவர்கள் தெரிந்த பள்ளிக்கே பரிசு கொடுத்தார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவள் மனம் உடைந்திருக்கிறாள்.
ஒரு தந்தை, குன்னூர் வட்டம்

பதில்: அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதுவே காரணமாக இருப்பதில்லை. முப்பதாவது பேச்சைக் கேட்கும்போது நடுவருக்குப் பசி வந்துவிடுகிறது, காது களைத்துவிடுகிறது. உங்கள் மகள் எத்தனையாவதாகப் பேசினாள்? ஒருங்கிணைப்பாளரிடம் பணிவாகக் கேட்டால், உள்ளடக்கம், உச்சரிப்பு, நேரம் என்று எதில் எவ்வளவு குறைந்தது என்பதைச் சில இடங்களில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். அவளுக்கு எதிரில் நடுவர்களைத் திட்டுவதால் நீங்கள் அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைக்கலாம்; அடுத்த மேடையில் அவள் நடுவரின் முகத்தைப் பார்த்தே பேசுவாள், அவையை மறந்துவிடுவாள். அதைவிட, அந்தப் பேச்சை வீட்டில் தாத்தா பாட்டிக்கு முன்னால் ஒருமுறை முழுவதும் பேசச் சொல்லுங்கள். பேசி முடிக்காத பேச்சைப்போல், சரியாகக் கேட்கப்படாத பேச்சும் தொண்டையிலேயே நிற்கும்.

கேள்வி: ஐந்து நிமிடப் பேச்சுக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்? மணி அடித்துவிட்டால் மீதியை விரைவாகச் சொல்லி முடிக்கலாமா?
பத்தாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி

பதில்: பக்கத்தை எண்ணாதே, சொல்லை எண்ணு. நிதானமாகப் பேசினால் ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொல் போதும்; அவைக்கு வணக்கம் சொல்லும் வரிசையை இரண்டு வரிக்குள் அடக்கிக்கொள். எழுதியதை நான்கரை நிமிடத்துக்குள் முடிவதாக அமைத்து, கடிகாரம் வைத்து மூன்று முறை பேசிப் பார். எச்சரிக்கை மணி அடித்தால், சொல்லிக்கொண்டிருக்கும் கருத்தை முடித்துவிட்டு நேராகக் கடைசி வாக்கியத்துக்குத் தாவிவிடு. நடுவில் நீ விட்டது என்னவென்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இறுதி மணியும் அடித்துவிட்டால், எந்த இடத்தில் இருந்தாலும் அந்த வாக்கியத்தை முடித்து, நன்றி சொல்லி இறங்கிவிடு.